“இதை யாரு படிப்பாங்க, தம்பி?”

ஒரு தளத்தை ஆட்களிடம் கொடுத்து, அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் பயனர் ஆய்வு. அதில் பேட்டி எடுப்பவர் பதில் சொல்லக் கூடாது. “இந்தப் பட்டன் எதுக்கு?” என்று கேட்டால், “எதுக்குன்னு உங்களுக்குத் தோணுது?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். நாம் விளக்கிவிட்டால், அந்தப் பக்கம் தானாகப் புரிகிறதா என்பது தெரியாமலே போய்விடும். இந்த விதியை நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் யோகா வகுப்பு முன்பதிவுத் தளத்துக்காக எடுத்த ஒரு பேட்டியை நினைத்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடுகிறது.

அந்த அம்மா வகுப்பைத் தேர்ந்தெடுத்து, நேரம் பார்த்து, படிவத்தின் கடைசிக்கு வந்திருந்தார். ‘உங்களுக்கு உடல்நலப் பிரச்சினை ஏதேனும் உண்டா?’ என்று ஒரு கேள்வி. கீழே உண்டு, இல்லை என்று இரண்டு வட்டங்கள். அதுவரை மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நிறுத்தினார்.

“இதை யாரு படிப்பாங்க, தம்பி?”

“யாரு படிப்பாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க, மேடம்?”

பதில் இல்லை. ‘இல்லை’யைத் தொட்டு முன்பதிவை முடித்தார்.

பேட்டியின் பதிவை நிறுத்திய பிறகுதான் சொன்னார்: அவருக்குக் க்ளாக்கோமா, அதாவது கண்ணின் உள்ளழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு மேலும் கெடக்கூடிய நோய்; பல வருடமாகச் சொட்டு மருந்து போடுகிறார். அவர் தேர்ந்தெடுத்த வகுப்பில் சிரசாசனம் உண்டு. ஆனால் பக்கத்தில் அதைச் சொல்லும் வரி எதுவும் இல்லை. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தித் தலையைத் தொங்கவிடும் அதோமுக சுவானாசனத்தில்கூட ஏறும். “டாக்டர் சொல்லியிருக்கார். டீச்சர்கிட்ட நேர்ல சொல்லிக்குவேன். கம்ப்யூட்டர்ல எதுக்கு?” என்றார். பெயர் போடாமல் இதை அறிக்கையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

நான் வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? ‘ஆசிரியர் மட்டும்தான் படிப்பார்’ என்றால் அது பொய்யாகப் போயிருக்கலாம். அந்தப் பதில் எங்கே சேமிக்கப்படும், வரவேற்பில் இருப்பவர் பார்ப்பாரா, எப்போது அழிக்கப்படும் என்று அன்றைக்கு யாருமே முடிவு செய்திருக்கவில்லை. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்து, அதற்குக் கூடுதல் பாதுகாப்பு கேட்கிறது. எங்கள் படிவத்திலோ அது தொலைபேசி எண்ணுக்குக் கீழே இன்னொரு கேள்வி, அவ்வளவுதான். நான் வாயைத் திறக்காததால்தான் இந்த ஓட்டையே தெரிய வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் அவர் பேச்சை நிறுத்திய விதம் நினைவுக்கு வருகிறது. பட்டன் எதற்கு என்று கேட்பதும் இதுவும் ஒன்றா? தன் உடம்பைப் பற்றிய விஷயம் யார் கைக்குப் போகும் என்று ஒரு மனிதர் கேட்கிறார். “இன்னும் முடிவாகலை, மேடம்” என்ற உண்மையைச் சொன்னால் ஆய்வு கெட்டுவிடுமா? கெட்டுவிடும் என்றுதான் சில நாட்கள் தோன்றுகிறது.

கணக்குப்படி பார்த்தால் அவர் வெற்றி. பணி முடிந்தது, தடங்கல் இல்லை. ஐந்து பேரைச் சோதித்தாலே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியதை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு குறை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. எங்கும் தடுக்காமல், உண்மையில்லாத பதிலைக் கொடுத்துவிட்டுச் சுலபமாகத் தாண்டிப் போகிறவரை அதில் எங்கே சேர்ப்பது? “ஒருத்தர் சொன்னதுதானே” என்று தள உரிமையாளர் கேட்டபோது, எதிரே வைக்க என்னிடம் எண் எதுவும் இல்லை.

இருந்தும் அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொன்னேன். ஒவ்வொரு வகுப்பின் பக்கத்திலும் என்னென்ன ஆசனங்கள் வரும், யார் எதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதலாம். ‘ஆசிரியர் என்னிடம் தனியாகப் பேசட்டும்’ என்று ஒரு தேர்வு வைக்கலாம். வருகிறவரிடம் விவரம் பிடுங்குவதைவிட அவருக்கு விவரம் கொடுப்பதுதான் மரியாதை என்று வாதாடினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகுதான் அங்கே கற்றுத்தரும் ஓர் ஆசிரியையிடம் பேச வாய்த்தது. வகுப்பு தொடங்கும்போது, யாருக்காவது வலி, ஆபரேஷன், கர்ப்பம் உண்டா என்று கேட்பாராம். எல்லோர் முன்னாலும் கை தூக்குகிறவர்கள் அபூர்வம். “பழைய காகிதப் படிவத்துல எழுதினவங்களைத்தான் தனியா கூப்பிட்டு மாற்று ஆசனம் சொல்லுவேன்” என்றார். அப்படியென்றால், நேரில் சொல்லிக்குவேன் என்கிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் சொல்கிறார்கள்? எழுத மட்டுமே துணிகிறவர்களுக்கு நான் எதை மிச்சம் வைத்தேன்?

யார் படிப்பார்கள் என்ற ஒரு வரியோடு கேள்வியைத் திரும்பச் சேர்க்கலாம் என்று இரண்டாவது குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியில் யார் பெயரைப் போடுவது என்று நிறுவனம் இன்னும் சொல்லவில்லை. அது தெரியாமல் குறிப்பை அனுப்ப மனம் வரவில்லை.