கேட்டலில் 17: என்5 பாடத்தை முதலிலிருந்து திருப்பிய கதை

டிசம்பரில் எழுதிய, ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5இன் முடிவு வந்தபோது மொத்த மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்த்தேன். 180க்கு 104. தேர்ச்சிக்கு 80 போதும் என்பதால் அம்மாவிடம் பாஸ் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தேர்ச்சி பெறவில்லை என்ற வரி கண்ணில் பட்டது. கேட்டல் பகுதியில் 60க்கு 17. அதில் மட்டும் தனியாக 19 எடுத்தாக வேண்டும். மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்குக் குறைந்தது 38 எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மொத்தத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வகுப்பில் இந்த விதியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எழுதப் போகிறவர்கள் இதை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை, இரண்டு பஸ் மாறி, படித்த இடத்துக்கே போய்க் கேட்டேன். வரவேற்பில் இருந்தவர் மதிப்பெண் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "என்4 பேட்ச்ல சேர்ந்துடுங்க, பேசிக்ஸ் தானா வந்துடும்" என்று அடுத்த நிலையைக் கைகாட்டினார். ஆசிரியரைப் பார்க்க முடியுமா என்றதற்கு அவர் வகுப்பில் இருக்கிறார் என்று பதில். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. என்5இல் காதுக்குப் பிடிபடாத ஒன்று என்4இல் எப்படித் தானாக வரும்?

வீட்டில் பழைய நோட்டைப் புரட்டியதும் தவறு எங்கே என்று புரிந்தது. ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்துகளான ஹிரகானாவை இரண்டே வாரத்தில் ஓட்டிவிட்டார்கள். வேகமாகக் குறிப்பெடுக்க வேண்டியிருந்ததால் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தேன். 'கடல்' என்பதில் வரும் க-வும் 'தங்கம்' என்பதில் வரும் க-வும் ஜப்பானிய மொழியில் தனித்தனி ஒலிகள். ஹிரகானாவில் எழுத்தின் மேல் வலப்பக்கம் இரண்டு சின்னக் கோடு போட்டு வேறுபடுத்துவார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதானே? த-வும் அப்படித்தான். அதனால் என் நோட்டில் வானிலையும் 'தென்கி', மின்சாரமும் 'தென்கி'. சீமைப் பனிச்சைப் பழமும் சாவியும் ஒரே 'ககி'. எழுதிப் படித்தது அப்படியே காதிலும் தங்கிவிட்டது.

அந்த நோட்டை மூடிவைத்துவிட்டு, 46 ஹிரகானா எழுத்துகளிலிருந்து மறுபடி தொடங்கினேன். வெளிநாட்டுச் சொற்களை எழுதப் பயன்படும் கதகானாவில் ஷி-யும் ட்ஸு-வும் குழப்பினால் கடைசிக் கோட்டின் திசையைப் பாருங்கள்: ஷி-யில் கீழிருந்து மேலே போகும், ட்ஸு-வில் மேலிருந்து கீழே இறங்கும். எழுத்துகளுக்கு இரண்டு வார இறுதிகள் போதுமாக இருந்தன.

காதுக்குத்தான் மூன்று மாதம் பிடித்தது. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. 'கிதெ' என்றால் வா, 'கித்தெ' என்றால் தபால்தலை. நான்காம் தேதி 'யொக்க', எட்டாம் தேதி 'யோக' (இதன் க-வைக் 'கடல்' என்பதில் போல அழுத்திச் சொல்ல வேண்டும்). குறிலும் நெடிலும் நம் மொழியிலேயே இருக்கின்றன. படுவும் பட்டும் வேறு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் வேகமாகப் பேசும்போது நான் அதைக் கவனிக்கப் பழகியிருக்கவில்லை. கடைசியில் மாத்திரைக் கணக்குதான் கைகொடுத்தது. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. இதுவரை நம் இலக்கணம்தான். ஆனால் நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அங்கே 'ன்' வந்தாலும் ஒற்று இரட்டித்தாலும் முழுதாக ஒரு தட்டு. செய்தித்தாள் என்பதற்கான 'ஷின்புன்' நான்கு தட்டு. நாம் டோக்கியோ என்று சொல்லும் ஊரும் நான்கு: தோ-வுக்கு இரண்டு, க்யோ-வுக்கு இரண்டு. தினமும் இருபது நிமிடம், ஒரே ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மேஜையில் தட்டிக்கொண்டே ஹிரகானாவில் எழுதினேன். முதல் வாரம் ஒரு வரிகூடப் பிழையில்லாமல் வரவில்லை. ஆறாவது வாரம் ஒரு முழு உரையாடல் சரியாக வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

இலக்கணத்தில் 'நி', 'தே' இரண்டையும் 'இல்' என்று மனப்பாடம் செய்திருந்தேன். டோக்கியோவில் வசிக்கிறேன் என்றால் 'நி', டோக்கியோவில் வேலை செய்கிறேன் என்றால் 'தே'. இருப்பதற்கு ஒன்று, செயல் நடக்கும் இடத்துக்கு மற்றொன்று. தமிழில் இரண்டும் 'இல்' என்பதால் மொழிபெயர்த்துப் படித்தால் சிக்குவது உறுதி. ஓரிடத்தில் மட்டும் தமிழ் அழகாக உதவியது. 'கொரே, சொரே, அரே, தொரே' குழப்புகிறது என்று யாழ்ப்பாணத் தோழியிடம் சொன்னபோது, "இது, உது, அது, எது தானே" என்றாள். கேட்பவருக்கு அருகில் இருப்பதை அவர்கள் ஊரில் இன்றும் 'உது' என்கிறார்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கேள்விகளில் ஒன்றுகூடத் தவறவில்லை.

ஜூலையில் மறுபடி எழுதினேன். கேட்டல் 41, தேர்ச்சி. இந்த முறை எல்லா வரியையும் படித்த பிறகுதான் அம்மாவை அழைத்தேன்.

டிசம்பரில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். ஒரு கேள்வி தவறிவிட்டால் ஏதாவது ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குக் காதைக் கொடுங்கள். முதல் முறை நான் போனதையே யோசித்துக்கொண்டிருந்து, அடுத்தடுத்து மூன்றை விட்டேன்.