பாறைக்கு மேற்கே மூன்றாவது நெல்லி

மலர்க் குழுவிலிருந்து "ஸ்கூல் நினைவு ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டபோது, ஆண்டு விழாவைப் பற்றியோ ஆனைகட்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனதைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன மாதம் ஷார்ஜாவில் நம் பழைய மாணவர் சங்கம் கூடியபோது, ஊரில் ஆயிரம் மரக்கன்று நடுவதற்குப் பணம் திரட்டலாம் என்று ஒரு பேச்சு வந்தது. அன்று ராத்திரி முழுக்க எனக்கு எங்கள் ஊர் ஓடையான கொடுங்கரைப் பள்ளம்தான் கண்ணுக்குள் நின்றது. அதனால் அதையே எழுதுகிறேன்.

இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளும் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற நம் அட்டப்பாடி ஒன்றுதான், மழை இரண்டு. மேற்கே முக்காலிப் பக்கம் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நம் பக்கம் 1,000 மில்லிமீட்டரை எட்டாது. அந்தப் பக்கம் சைலண்ட் வேலி மழைக்காடு, இந்தப் பக்கம் மொட்டைக் கரடு, அதாவது மரமில்லாத குன்று. அந்தக் கரடுகள் பிறவியிலேயே மொட்டை இல்லை. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் நூற்றுக்கு 90 பேர் இருளர், முடுகர், குறும்பர் என்ற பழங்குடிகள். 2001-ல் அது 40 சொச்சம். நடுவில் வந்து சேர்ந்தவர்கள் எங்களைப் போன்ற குடும்பங்கள். என் அப்பாரு கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வந்து, மரம் வெட்டிக் கரி சுட்டு, அந்தக் காசில்தான் நிலம் வாங்கினார். இதை மறைத்துவிட்டு மரம் வளர்த்த கதையை மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

2000-ல் நான் ஒன்பதாவது. அப்போது பள்ளம் என்றால் மணல்தான். விடியும் முன்னே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஊற்றுத் தோண்டப் போவார். முழங்கை ஆழம் கையாலேயே மணலை வாரிப் போட்டால் அடியில் ஈரம் கறுக்கும். அப்புறம் காத்திருக்க வேண்டும். ஓரத்து மணல் சரிந்து சரிந்து விழ, நடுவில் ஒரு கை அளவு தண்ணீர் கலங்கலாக ஊறும். முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்ததைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். வேகமாக மொண்டால் மணலும் சேர்ந்து வரும் என்று அம்மா கையைத் தட்டிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் அஹாட்ஸ் (அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம்) வேலை எங்கள் பக்கம் வந்தது. ஜப்பான் கடனுதவியில் 1996-ல் தொடங்கிய திட்டம் அது. ஊருக்கு ஊர் 'ஊர் விகசன சமிதி' என்ற வளர்ச்சிக் குழு அமைத்து, கரட்டில் கல் வரப்பு, பள்ளத்தில் தடுப்பணை, மேலே மரக்கன்று என்று வேலை நடந்தது. நம் உயிரியல் சார், சனிக்கிழமை தோறும் எங்கள் வகுப்பையும் கரட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் காலேஜில் படிக்கும்போது சைலண்ட் வேலி அணைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசப் போனவர். குந்திப்புழை ஆற்றில் அணை வராமல் நின்று, 1984 நவம்பர் 15-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதை, சொந்த வீட்டுக் கல்யாணத் தேதி போலச் சொல்வார். கவிஞர் சுகதகுமாரி முன்னின்று அட்டப்பாடியிலேயே வளர்த்த கிருஷ்ணவனத்துக்கும் ஒரு நாள் எங்களைக் கூட்டிப் போய்க் காட்டினார்.

ஆனால் சாரைப் போல நினைத்துக்கொண்டு கரட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அம்மா கூலிக்கு வந்தார். இந்த வேலை இல்லையென்றால் கோயமுத்தூர்ப் பக்கம் தடாகத்துச் செங்கல் சூளைக்குப் போக வேண்டும். போனால் திரும்ப இருட்டிவிடும். என் பக்கத்து பெஞ்சுக்காரனின் அப்பா, இருளர் ஊரின் மண்ணுக்காரர். முதல் விதை போட உரிமை உள்ளவர். பள்ளம் காய்ந்த பிறகு ராகியும் சாமையும் ஒழுங்காக விளையவில்லை என்ற வருத்தத்தில் வந்தார். ஆடு மேய்க்கிற ஒரு பாட்டி சண்டை போடத்தான் வந்தார். "கரட்ட அடைச்சுப் போட்டா என்ற ஆடு எங்க சாமி போகும்?" என்று சாரைப் பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. ஊர்க் கூட்டத்தில் ஊர்த் தலைவரான மூப்பன் மூன்று நாள் பேசி, ஆட்டை விடக்கூடாது, புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவானது. நான் போனதற்குக் காரணம், வருகை நோட்டைச் சார் என் கையில் கொடுத்திருந்தார். அவ்வளவுதான்.

முதல் குழி மண்ணுக்காரர் கையால்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, மல்லீசுவரன் முடி என்ற மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டார். நாற்றுப் பையைப் பிளேடால் கீறி, வேரோடு மண் உதிராமல் இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினார். என் முறை வந்தபோது பையை அவசரமாக இழுத்து, மண் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அவர் திட்டவில்லை. உதிர்ந்த மண்ணைப் பொறுக்கி வேரைச் சுற்றி அப்பி, "இத நீதான் பாத்துக்கோணும் அப்புனு" என்றார். நெல்லிக் கன்று. அந்தக் கோடையில் வாரம் இரண்டு முறை ஒரு குடம் சுமந்தேன். ஊற்றில் முக்கால் மணி நேரம் மொண்ட அதே தண்ணீர். யாரும் சொல்லி நான் சுமக்கவில்லை. எனக்குக் காட்டின் மேல் பாசம் வந்தது அந்தக் கோடையில்தான், அதற்கு முன்னால் இல்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். கூலி இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் கரட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார்.

கோயமுத்தூரில் நான் காலேஜ் போய்க்கொண்டிருந்த காலம். ஐப்பசி மழை நின்று வெகு நாளாகி, தைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கல் வரப்பில் நின்று நின்று இறங்கிய மழை, கரட்டுக்குள் ஊறி, மெல்ல மெல்ல வெளியே வருகிறது என்று சார் போனில் விளக்கினார். அம்மா விளக்கமெல்லாம் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றுகொண்டார்.

2010-ல் திட்டக் காலம் முடிந்தது. கூலி நின்றது. பலர் மறுபடி சூளைக்கும் திருப்பூருக்கும் போனார்கள்; அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாசி, பங்குனியில் கரட்டில் தீப் பிடித்தால் இப்போதும் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் யார் என்று போன லீவில் விசாரித்தேன். பள்ளத்துக் கரையில் குடியிருப்பவர்களும், அன்றைக்குப் புல்லுக்காகச் சண்டை போட்ட பாட்டியின் பேரன்களும்தானாம்.

அதனால் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆயிரம் கன்று வேண்டாம், நூறு போதும். பணம் அனுப்பும் முன் மூப்பனிடம் போய்க் கேளுங்கள், எங்கே நடலாம், ஆடு எங்கே போகும் என்று. நடுகிற நாளுக்கு மட்டும் பணம் ஒதுக்காமல், மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். நம் ஸ்கூல் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கன்றைப் பொறுப்பெடுக்கட்டும்.

இந்த வருடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் தடுப்பணையைத் தாண்டிக் கரட்டில் ஏறினால் ஒரு பெரிய பாறை வரும். அதற்கு மேற்கே மூன்றாவது நெல்லி. காய் பிடித்திருக்கிறதா என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.