கையொப்பம் சரி, பெயர்தான் சரியில்லை

நீடாமங்கலத்தில் என் சித்தி மகன் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறான். பிரவுசிங், டிடிபி எல்லாம் அங்கேயேதான். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி தேதி நெருங்கிவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் என்று ஆளாளுக்கு ஒரு கட்டுக் காகிதத்தோடு நிற்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் போன் செய்தான். "அண்ணே, காப்பீட்டுப் பக்கத்தைத் திறந்தா ரம்மி விளையாடக் கூப்பிடுது. எதைத் தொட்டாலும் விளம்பரம்."

விளம்பரத்தை நிறுத்துவது பெரிய வேலை இல்லை. குரோமில் தெரியாத தளங்களுக்குக் கொடுத்திருந்த நோட்டிபிகேஷன் அனுமதியை எடுத்தேன். யாரும் கேட்டிராத எக்ஸ்டென்ஷன் ஒன்றை நீக்கினேன். நிறுவிய தேதிப்படி புரோகிராம்களை வரிசைப்படுத்தி, புதிதாக வந்து உட்கார்ந்திருந்தவற்றை அன்இன்ஸ்டால் செய்தேன். ஆனால் இதைக் கொண்டுவந்த பைல் எது என்று தெரியாமல் விட்டால், கடைப் பையன் நாளைக்கு அதையே மறுபடி டபுள் கிளிக் செய்வான்.

டவுன்லோட்ஸ் போல்டர் ஒரு காடு. வகைப்படி அடுக்கி, புரோகிராம்களை நிறுவும், ஓட்டும் இஎக்ஸ்இ பைல்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரைட் கிளிக், பிராபர்டீஸ். பைலை வெளியிட்டது யார், அதன் பிறகு அது மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் டிஜிட்டல் முத்திரைதான் கையொப்பம். அது உள்ள பைல் என்றால் மேலே டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று ஒரு டேப் இருக்கும். இல்லாவிட்டால் அந்த டேபே வராது. டேபுக்குள் இருக்கும் பெயரைத் தேர்ந்தெடுத்து டீடெயில்ஸ் கொடுத்தால், கையொப்பம் சரியா என்பது முதல் வரியிலேயே தெரியும். வியூ சர்டிபிகேட் கொடுத்தால், அந்தக் கையொப்பத்துக்கு ஆதாரமான சான்றிதழ் யாருக்குக் கொடுக்கப்பட்டது, கொடுத்தது யார், எதுவரை செல்லும் என்பதெல்லாம் வரும். ஜிப் பைலில் இந்த டேபைத் தேடக் கூடாது. பிரித்துவிட்டு உள்ளே இருக்கும் இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ பைல்களில்தான் பார்க்க வேண்டும்.

பயர்பாக்ஸில் மொசில்லா கார்ப்பரேஷன், லிப்ரே ஆபீஸில் த டாக்குமென்ட் பவுண்டேஷன். சரி. அடுத்து விஎல்சி பிளேயர் பெயரில் ஒரு செட்டப் பைல். யாரோ கல்யாண வீடியோ கொண்டுவந்து பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னபோது, ஓடுகிறதா என்று பார்க்க இறக்கியது. ஆரஞ்சு கூம்பு ஐகான் அப்படியே இருந்தது. கையொப்பமும் இருந்தது, அதுவும் சரியான கையொப்பம் என்றே விண்டோஸ் சொன்னது. ஆனால் வீடியோலேன் என்று இருக்க வேண்டிய இடத்தில், கேள்வியே படாத ஒரு கம்பெனியின் பெயர். அசல் விஎல்சி 40 எம்பிக்கு மேல் இருக்கும். இது 2 எம்பிகூட இல்லை. விஎல்சியை இறக்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்துகிறவன் தலையில் நாலு விளம்பர புரோகிராமையும் சேர்த்துக் கட்டும் வகை. தேடலில் மேலே வந்த விளம்பர இணைப்பைத் தொட்டிருக்கிறார்கள்.

"கையெழுத்து சரின்னு விண்டோஸே சொல்லுதேண்ணே" என்றான். சான்றிதழ் கொடுக்கிற நிறுவனம், கேட்பவர் உண்மையிலேயே அந்தக் கம்பெனிதானா என்றுதான் பார்க்கும். அந்தக் கம்பெனியின் புரோகிராம் நம் கணினியில் என்ன செய்யும் என்பது அதன் கவலை இல்லை. விளம்பரம் தள்ளுகிறவர்களும் முறையாகப் பதிவு செய்த கம்பெனி வைத்திருப்பார்கள். நாற்றங்காலுக்கு விதை வாங்கும்போது மூட்டையில் நீலச் சான்றட்டை இருக்கிறதா என்று பார்ப்போம்; அதோடு அட்டையில் எந்த ரகம், யார் உற்பத்தி என்றும் படிப்போம் இல்லையா, அது மாதிரி என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அட்டை நெசம், ஆளு வேற. அதானே?" அதேதான்.

சரியான பெயர் இருந்தாலும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கிடையாது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, சிப் தயாரிக்கும் ரியல்டெக்கிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழால் கையொப்பமிடப்பட்டிருந்தது. 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் மென்பொருளின் அசல் கையொப்பத்தோடே கெட்ட நிரல் போனது. ஆனால் நம் ஊர்க் கடைக்கு வருவது பெரும்பாலும் அந்த ரகம் இல்லை, இந்த 2 எம்பி ரகம்தான்.

சான்றிதழின் தேதி முடிந்துவிட்டதே என்றும் பயப்பட வேண்டாம். அது செல்லுபடியாகும் காலத்தில் கையொப்பமிட்டு நேரமுத்திரையும் (எப்போது கையொப்பமிட்டது என்ற பதிவு) வைத்திருந்தால் கையொப்பம் பிறகும் செல்லும்.

மீதிப் பைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பொறுமை இல்லை. பவர்ஷெல்லில் முழு போல்டருக்கும் கையொப்ப நிலையைக் கேட்கும் கட்டளை உண்டு, அதைக் கொடுத்தேன். பெரும்பாலும் வேலிட். ஒன்றில் மட்டும் ஹாஷ் மிஸ்மேட்ச், அதாவது கையொப்பமிட்ட பிறகு பைலில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எவரிடமோ பென்டிரைவில் வாங்கிய 'கிராக்' செய்த டிடிபி மென்பொருள். கேட்காமலே அழித்தேன். அவன் முகம் கொஞ்ச நேரம் சரியில்லை.

அப்புறம் மைக்ரோசாப்டின் ஆட்டோரன்ஸ். கணினி தொடங்கும்போது தானாக ஓடுபவை எல்லாம் அதில் தெரியும். கையொப்பத்தைச் சரிபார்க்கச் சொன்னால், சரியான கையொப்பம் இல்லாதவற்றை இளஞ்சிவப்பில் காட்டும். இளஞ்சிவப்பில் வந்ததெல்லாம் பழைய பிரிண்டர் சமாச்சாரம், பாவம். போலி விஎல்சியில் பார்த்த அதே கம்பெனிப் பெயரில் ஒரு அப்டேட்டர், எந்த நிறமும் இல்லாமல் நல்ல பிள்ளையாக வரிசையில் இருந்தது. நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் அது தப்பியிருக்கும்.

கடைசியில் மிஞ்சியது கையொப்பமே இல்லாத ஒரு பில்லிங் மென்பொருள். பக்கத்து உரக்கடைக்காரர் நிறுவித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார். கையொப்பம் இல்லாததாலேயே அதைத் தூக்கிப் போட மனமில்லை. ஜிப் பைல் பிரிக்கும் செவன்ஜிப்பின் இன்ஸ்டாலரே பல வருஷம் கையொப்பம் இல்லாமல்தான் வந்தது. எழுதியவர் தஞ்சாவூர்க்காரர், தனியாளாகச் செய்கிறார். போன் போட்டோம். சான்றிதழ் செலவு கட்டுப்படியாகவில்லை, 2023 ஜூனிலிருந்து கையொப்பமிடும் சாவியை ஆடிட்டர்கள் வைத்திருக்கிற, பென்டிரைவ் மாதிரியான ஒரு டோக்கனில்தான் வைக்க வேண்டும் என்று வேறு ஆக்கிவிட்டார்கள் என்று புலம்பினார். சரி, உங்களிடம் இருக்கும் மூலப் பைலின் ஷா-256 எண்ணையாவது (பைலின் கைரேகை மாதிரி) அனுப்புங்கள் என்றேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இங்கே விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையில் எடுத்ததோடு, 64 எழுத்தையும் அவன் வாசிக்க நான் சரிபார்த்தேன். ஒத்துப்போனது, நிறுவிக் கொடுத்தோம்.