பிந்தி வந்தவருக்கு முதல் பூஜை

விடிவதற்கு முன்பே அக்னி தீர்த்தக் கரையில் நல்ல கூட்டம். ராமேஸ்வரத்தில் அந்த இடத்துக் கடல் குளம் மாதிரிதான் கிடக்கும். முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்தேன். புரோகிதர் பெயரும் கோத்திரமும் கேட்டார்.

"என்ன உறவு?"

"தாய்மாமா."

"வயசு?"

"முப்பத்தெட்டு."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் விட்டார். கட்டைவிரல் வழியே அது வழிந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மருமகன் நான்தான் செய்ய வேண்டும்.

பத்து வயதில் என்னை முதன்முதலாக இங்கே கூட்டிவந்ததும் அவர்தான். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துபோனபோது, தன் ஜன்னல் சீட்டை முன்பின் தெரியாத ஒரு பாட்டிக்குக் கொடுத்துவிட்டு வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார். இந்த முறை 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் வந்தோம். பக்கத்தில் பழைய பாலம் சும்மா நின்றது.

மாமா என்றாலே எனக்குப் பந்திதான் ஞாபகம் வரும். வீட்டு விசேஷம் எதுவானாலும் ஒரு தூக்கில் பாயசம், ஒரு தட்டில் வடை, மூடி போட்டு எடுத்து வைத்துவிடுவார். யாரும் தொடக் கூடாது. "முதல்ல வர்றவனுக்குப் பரிமாற எல்லாரும் இருக்கீங்க. கடைசியா வர்றவனுக்கு யாரு இருக்கா?" என்பார். அந்தக் கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவருக்கு இலை.

ஒரு ராத்திரி மாரடைப்பு. அவ்வளவுதான். நான் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. நாலு வருஷமாக இது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடினோம். கிணற்று விளிம்பில் நின்று வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். கடலை ஒட்டிய ஊர், ஆனாலும் வாயில் பட்ட தண்ணீர் கரிக்கவில்லை. கடைசியாகக் கோடி தீர்த்தம். அங்கே அம்மா நகரவே இல்லை. "இன்னும் ஒரு வாளி ஊத்துங்கப்பா, என் தம்பிக்கு" என்றாள். இறைத்தவர் நிறைய மொண்டு, மெதுவாக ஊற்றினார்.

ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். துணி மாற்றிக்கொண்டு போனோம்.

லிங்கம் கொண்டுவர அனுமன் கயிலைக்குப் போனார். குறித்த நேரத்துக்குள் திரும்பவில்லை. சீதை மணலில் பிடித்த லிங்கத்தையே ராமர் பிரதிஷ்டை செய்துவிட்டார். அதுதான் ராமநாத சுவாமி. பிந்தி வந்த அனுமன் மனம் உடைந்துபோக, அவர் கொண்டுவந்த லிங்கத்தையும் ராமர் அருகிலேயே வைத்து, இதற்கே முதல் பூஜை என்றார். இன்றைக்கும் விஸ்வநாதருக்குப் பூஜை ஆன பிறகுதான் ராமநாதருக்கு. பத்து வயதில் இந்தக் கதையை எனக்குச் சொன்னதும் மாமாதான். அப்போது எனக்கு வால் வைத்த அனுமன்தான் பெரிதாகத் தெரிந்தார்.

விஸ்வநாதர் சன்னதியில் கைகூப்பி நின்றேன். "மாமா, நான் பிந்திட்டேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற அம்மா விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினாள்.

"அவன் இருந்தா, சாப்பிட்டியாடான்னுதான் முதல்ல கேப்பான்" என்றாள்.