போனுக்குக் காது எதற்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்குவது பற்றி வீட்டில் பெரிய பேச்சு. மாமாவைத் தவிர எல்லோரும் பேசினோம், அவருக்குத்தான் எதுவும் கேட்கவில்லையே. மறுநாள் காலை போனைத் திறந்தால் காதுக் கருவி விளம்பரம், அதுவும் வரிசையாக மூன்று. அந்த வார்த்தையை நான் என் போனில் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. சித்தி மகன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "அண்ணா, நாம பேசுறதை எல்லாம் போன் கேட்டுக்கிட்டே இருக்கு." அன்று முழுக்க எல்லோரும் போன்களை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கிசுகிசுத்தார்கள். பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் பேச்சை இந்த வீட்டில் இவ்வளவு பயபக்தியோடு கேட்டது அன்றைக்குத்தான்.

எனக்கும் இந்தச் சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. இப்போது இல்லை, ஆனால் அது போனதில் எனக்கு நிம்மதி ஒன்றும் இல்லை.

2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களை எடுத்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாக இயக்கிப் பேச்சை அனுப்பியதாக ஒரு ஆப்கூட அகப்படவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று அகப்பட்டது: சில ஆப்கள் நாம் திரையில் செய்வதைப் படமாகவும் வீடியோவாகவும் பிடித்து வேறு கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஒட்டுக்கேட்கிறதா என்று பார்க்கப் போய், எட்டிப்பார்ப்பதைக் கண்டுபிடித்தார்கள். யோசித்தால், நாள் முழுக்கப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பினால் பேட்டரியும் டேட்டாவும் கரைவது நமக்கே தெரிந்துவிடும். தவிர ஐபோனில் ஐஓஎஸ் 14-ம் மற்றவற்றில் ஆண்ட்ராய்டு 12-ம் வந்ததிலிருந்து மைக் இயங்கினால் திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி எரிகிறது. காதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்றுமே தங்கள் குரல் உதவியாளரில் பதிவான துண்டுகளைக் கூலிக்கு ஆள் வைத்துக் கேட்க வைத்தது 2019-ல் வெளிவந்தது, அதில் யாரும் கூப்பிடாமலே தப்பாக விழித்துக்கொண்டு பதிவானவையும் இருந்தன.

சரி, அப்படியானால் காதுக் கருவி எப்படி வந்தது? விசாரித்ததில், முதல் நாள் சாயங்காலம் இதே சித்தி மகன் எங்கள் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காதுக் கருவி விலை பார்த்திருக்கிறான். ஒரே வைஃபையில் இருக்கும் போன்கள் எல்லாம் வெளியே போகும்போது பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியோடுதான், அதாவது இணையத்தில் அந்த இணைப்புக்கு உள்ள ஒரே விலாசத்தோடுதான் போகும். ராத்திரியில் ஒரே முகவரியில் தூங்கும் போன்கள் ஒரே குடும்பம் என்று கணக்குப் போடுவது விளம்பர வியாபாரத்தில் பழைய வித்தை. இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தேடியவன் அவன், விளம்பரம் வந்தது எனக்கு, இதற்கு யாரும் யார் பேச்சையும் கேட்கத் தேவையில்லை.

இந்தக் குடைச்சலில்தான் ஒரு காரியம் செய்தேன். ரொம்ப வருடமாக வைத்திருக்கும் ஒரு கணக்கில் என்னைப் பற்றி இருக்கும் டேட்டா முழுவதையும் கேட்டு வாங்கி இறக்கினேன். பெரும்பாலும் குப்பை. நடுவில் லொகேஷன் பதிவு என்று ஒரு கோப்பு. நான் எப்போது அதற்குச் சம்மதம் சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ ஒரு நாள் அவசரத்தில் 'சரி' அழுத்தியிருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு 2.40-க்கு வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறேன். 17 நிமிடத்தில் ஒரு மருத்துவமனை, அங்கே ஆறு மணி நேரம். அடுத்த இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று தடவை அதே இடம், நடுவில் ஒரு பரிசோதனைக்கூடம், ஒரு தடவை வக்கீல் அலுவலகம், கடைசியில் தொடர்ந்து நான்கு நாள் மருத்துவமனையிலேயே. அப்புறம் அந்த இடம் பதிவில் வரவே இல்லை.

அப்பாவின் கடைசி நாட்கள் அவை. என்ன வியாதி என்று சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார், நாங்களும் சொல்லவில்லை. அந்தப் பரிசோதனைக்கூடத்தின் பெயரைப் பார்த்தாலே என்ன வியாதி என்று தெரிந்துவிடும். "நாம என்ன தப்பா பண்றோம், மறைக்க என்ன இருக்கு" என்று சித்தி மகன் கேட்டபோது எனக்கு இந்தக் கோப்புதான் ஞாபகம் வந்தது. அவனுக்கு இன்னும் அது என்ன வியாதி என்று தெரியாது.

பெயரை எடுத்துவிட்டுத்தான் வைத்திருக்கிறோம், விற்கிறோம் என்று கம்பெனிகள் சொல்வதும் இதனால்தான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 15 லட்சம் பேரின் 15 மாத போன் பதிவுகளைப் பெயரில்லாமல் எடுத்துப் பார்த்தார்கள். எந்த மணிக்கு எந்த டவர் பக்கம் இருந்தார் என்று நாலே நாலு புள்ளி தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம். ராத்திரி தூங்கும் இடமும் பகலில் வேலை பார்க்கும் இடமும் சேர்ந்த ஜோடி உலகத்தில் எத்தனை பேருக்கு ஒன்றாக இருக்கும்? ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப், மக்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து 2017 கடைசியில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. அதில் யாருடைய பெயரும் கிடையாது. 2018 ஜனவரியில் பார்த்தால், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் மற்ற இடமெல்லாம் இருட்டாக இருக்க, ராணுவ முகாம்களைச் சுற்றி மட்டும் கோடுகள் பளிச்சென்று எரிகின்றன. சிப்பாய்கள் காலையில் ஓடியது.

அரசாங்கங்களுக்கும் இது தெரியும். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவிலிருந்து ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் 2013 ஜூனில் முதலில் வெளியானது, வெரைசான் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களைத் தினமும் என்எஸ்ஏவிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவுதான். யார் யாரை அழைத்தார், எப்போது, எவ்வளவு நேரம். என்ன பேசினார் என்பது அதில் இல்லை. இந்த மாதிரி விவரத்துக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014-ல் ஒரு விவாத மேடையில் போட்டு உடைத்தார்: மெட்டாடேட்டாவை வைத்து நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம். நம் வாட்ஸ்அப் 2016-லிருந்து செய்தியைப் பூட்டித்தான் அனுப்புகிறது, அது நல்ல விஷயம்தான், ஆனால் கடிதத்தை எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் உறைமேல் விலாசம் எழுதாமல் அனுப்ப முடியாது.

பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் மாதிரி சமாச்சாரம் வேறு ரகம். நாம் எதையும் தொடாமலே போனுக்குள் நுழைந்து மைக், கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். அங்கே சித்தி மகன் சொல்வது அப்படியே உண்மை. பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர் பயப்பட வேண்டியது அது, மாமாவின் காதைப் பற்றிப் பேசும் நாங்கள் இல்லை.

நான் செய்ததெல்லாம் சில்லறை. பழைய லொகேஷன் பதிவை அழித்தேன், இனிமேல் பதியாதபடி நிறுத்தினேன். எந்த ஆப்புக்கு லொகேஷன் கொடுத்திருக்கிறேன் என்று உட்கார்ந்து பார்த்தேன், கால்குலேட்டருக்குக் கொடுத்திருந்தேன், எதற்கு என்று கேட்காதீர்கள். விளம்பரக்காரர்கள் என் போனை அடையாளம் காண உதவும் விளம்பர ஐடியை நீக்கினேன். லேப்டாப் கேமராமேல் ஒரு துண்டு டேப். (ஃபேஸ்புக் முதலாளி மார்க் ஸக்கர்பெர்க்கே 2016-ல் வெளியிட்ட ஒரு போட்டோவில், பின்னால் இருந்த லேப்டாப்பில் கேமராவுக்கும் மைக்குக்கும் டேப் ஒட்டியிருந்தது.) பிரவுசரில் இன்காக்னிட்டோ என்ற மறைவு முறையில் போனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்ததையும் விட்டேன், அது அந்த லேப்டாப்பைத் திறக்கும் அடுத்த ஆளிடமிருந்து மட்டும்தான் மறைக்கும். சரிசெய்ய முடியாதது மற்றவர்கள் போன். என் எண் எத்தனை பேர் போனில் என்னென்ன பெயரில் கிடக்கிறதோ, அவர்களில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஆப்புக்குக் காண்டாக்ட் அனுமதி கொடுத்தால் நானும் சேர்ந்து போய்விடுகிறேன்.

இவ்வளவும் செய்த நான்தான், அப்பா போனதிலிருந்து அம்மா தனியாக இருக்கிறாளே என்று அவள் போனில் லொகேஷன் பகிர்வைப் போட்டுவைத்திருக்கிறேன். ஆபீஸில் டீ குடிக்கும்போது ஒரு தடவை, தூங்கப் போகுமுன் ஒரு தடவை அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். அவளிடம் கேட்டுத்தான் போட்டேன் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது யோசித்தால் போட்டுவிட்டுச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். நேற்று போனில் பேச்சுவாக்கில், "சாயங்காலம் எங்கேம்மா போயிருந்தே?" என்று கேட்டேன்.

"நீதான் பார்த்திருப்பியே" என்றாள்.