நான்காய் மடித்த தாள்

இந்த மாதத்தில் மருத்துவமனைக்கு வருவது இது ஐந்தாவது முறை. சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, முழங்கால் வலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர், ஒரு கோப்பு, ஒரு தேதி. இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தியபடி, ஒற்றைக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

அலைச்சல்கூடப் பழகிவிட்டது. பயம்தான் பழகவில்லை. முழங்காலுக்கு எழுதித் தந்த ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். எழுதியவருக்கு என் அழுத்த மாத்திரை பற்றித் தெரியாது. சொல்ல வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை. மருந்துக் கடைக்காரர்தான் சீட்டைப் பார்த்துத் தடுத்தார். அந்த மனிதருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்றிரவே எல்லா மாத்திரைகளையும், அளவையும், நேரத்தையும் ஒரே தாளில் எழுதினேன். தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில். கால்சியம் அதற்கு 4 மணி நேரம் கழித்து. மடித்து மடித்துத் தாளின் நடு மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது. எந்த மருத்துவர் அறைக்குப் போனாலும் உட்காரும் முன்பே அதை மேசையில் விரித்துவிடுகிறேன்.

இன்று மருத்துவர் அதை முழுவதும் பொறுமையாகப் படித்தார். ஒரு மாத்திரையைக் கோடு போட்டு அடித்தார். கண் கலங்கிவிட்டது எனக்கு. வீட்டுக்குப் போனதும் புதுத் தாளில் எழுத வேண்டும்.