இஃப் கிளாஸ்: அட்டவணையை மூடிவைத்துவிட்டுப் பழகுங்கள்

ஆங்கிலத்தில் 'இப்படி நடந்தால்' என்று நிபந்தனை சொல்லும் வாக்கியப் பகுதிதான் இஃப் கிளாஸ் (if clause). இந்தப் பாடத்துக்கு எல்லா நோட்டிலும் ஒரே அட்டவணைதான். டைப் ஒன்: இஃப் பக்கம் சிம்பிள் பிரசென்ட், மறுபக்கம் வில். டைப் டூ: சிம்பிள் பாஸ்ட், வுட். டைப் த்ரீ: பாஸ்ட் பர்ஃபெக்ட், வுட் ஹேவ், வி3 (வினையின் மூன்றாம் வடிவம்). இதை மனப்பாடம் செய்த பிள்ளை காலி இடத்தை நிரப்பிவிடும். பாதி வாக்கியம் வினாத்தாளிலேயே இருக்கிறதே! 'ஹேட்' கண்ணில் பட்டால் 'வுட் ஹேவ்', முடிந்தது வேலை. "நாளைக்கு மழை பெய்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுச் சொந்தமாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "இஃப் இட் வில் ரெயின்" என்றோ, "இஃப் இட் ரெயின்ட், ஐ வில் ஸ்டே அட் ஹோம்" என்றோ தப்பாக எழுதும்.

இந்த 'ரெயின்ட்' எங்கிருந்து வருகிறது? தமிழிலிருந்துதான். பெய்தால், வந்தால், போனால் எல்லாமே இறந்தகால அடியில் 'ஆல்' சேர்ந்தவை. பேசும்போது நமக்கு அது தெரிவதில்லை, ஆங்கிலத்தில் எழுதும்போது கை தானாக வி2 (வினையின் இறந்தகால வடிவம்) போடுகிறது. போதாததற்கு, நடக்கக்கூடியதற்கும் வெறும் கற்பனைக்கும் நம்மிடம் ஒரே வடிவம். "பஸ் வந்தால் ஏறுவேன்", "சிறகு முளைத்தால் பறப்பேன்". ஆங்கிலத்தில் முதலாவது டைப் ஒன், இரண்டாவது டைப் டூ.

அதனால் முதல் பயிற்சியில் ஆங்கிலமே வேண்டாம். பத்துத் தமிழ் வாக்கியங்களைக் கொடுத்து, பக்கத்தில் 1, 2, 3 என்று எண் மட்டும் போடச் சொல்லுங்கள். நடக்கலாம் என்றால் 1, சும்மா நினைத்துப் பார்ப்பது என்றால் 2, நடந்து முடிந்ததை மாற்றி யோசிப்பது என்றால் 3. "நான் கிளாஸ் ஃபர்ஸ்ட் வந்தால் அப்பா சைக்கிள் வாங்கித் தருவார்" என்பதற்கு வகுப்பில் சண்டையே வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளை 1 போடும், கடைசி பெஞ்ச் சிரித்துக்கொண்டே 2 போடும். இரண்டும் சரிதான், சண்டை நடக்கட்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. 'இருந்தால்' என்று பார்த்ததும் பிள்ளைகள் 3 போட்டுவிடுவார்கள். "பணம் இருந்தால் வாங்குவேன்" 3 இல்லை. "பணம் இருந்தால் வாங்கியிருப்பேன்" என்பதுதான் 3. வாக்கியத்தின் பின்பாதியைப் பார்த்து முடிவு செய்யப் பழக்குங்கள்.

அடுத்தது, ஒரே சூழலை மூன்று வகையிலும் சொல்வது. இதற்கு 'மிஸ்', 'வொர்க்' மாதிரி வினைகளை எடுத்தால் வி2, வி3 இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் தவறு வெளியே தெரியாது. 'கோ', 'ரைட்', 'டேக்' எடுங்கள். "இஃப் ஐ கோ பை பஸ், ஐ வில் டேக் அன் அம்ப்ரெல்லா." "இஃப் ஐ வென்ட் பை பஸ், ஐ வுட் டேக்..." "இஃப் ஐ ஹேட் கான் பை பஸ், ஐ வுட் ஹேவ் டேக்கன்..." 'வுட் ஹேவ் டுக்', 'ஹேட் வென்ட்' என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் அகப்படுவார்கள். அவர்களுக்கு இஃப் கிளாஸைத் திரும்ப நடத்திப் பயனில்லை, வி3 பட்டியலைப் படிக்க வைக்க வேண்டும்.

டைப் த்ரீயை உண்மை நடப்பிலிருந்து தொடங்குவது நல்லது. "ஹி டிட் நாட் செட் த அலாரம். ஹி மிஸ்ட் த பஸ்." முதல் வாக்கியம் எதிர்மறை, அதன் மேல் கழித்தல் குறி. இரண்டாவதன் மேல் கூட்டல். இஃப் போட்டதும் இரண்டு குறியும் தலைகீழாகும்: "இஃப் ஹி ஹேட் செட் த அலாரம், ஹி வுட் நாட் ஹேவ் மிஸ்ட் த பஸ்." முதல் பாதியைத் திருப்பிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அலாரம் வைத்திருந்தால் பஸ்ஸை விட்டிருப்பான் என்று அர்த்தம் வரும். சத்தமாகத் தமிழில் சொல்லச் சொன்னால் பிள்ளையே சிரித்துத் திருத்திக்கொள்ளும்.

'அன்லெஸ்' உள்ளேயே 'நாட்' இருக்கிறது, அதோடு இன்னொரு 'டோன்ட்' சேரக் கூடாது. "வொர்க் ஹார்ட் ஆர் எல்ஸ் யூ வில் ஃபெயில்" என்பதை "அன்லெஸ் யூ வொர்க் ஹார்ட், யூ வில் ஃபெயில்" என்றும், "இஃப் யூ டு நாட் வொர்க் ஹார்ட்..." என்றும் மாற்றிப் பார்க்கட்டும். ஒரே கருத்தைக் காம்பௌண்ட், காம்ப்ளெக்ஸ் வாக்கியமாக மாற்றச் சொல்லும் கேள்விக்கும் அதுவே பயிற்சி.

பேச்சில் வரும் 'மீன்ஸ்' தனி வியாதி. "ரெயின் கம்ஸ் மீன்ஸ் நோ மேட்ச்" என்பது 'என்றால்' வேஷம் மாறி வந்தது. எழுத்திலும் நுழைந்துவிடும், விடாதீர்கள். 'வந்தாலும்' என்றால் 'ஈவன் இஃப்'. "பத்து மணி ஆனால் பெல் அடிக்கும்" என்பதற்கு இஃப் வேண்டாம், 'வென்' போதும். பத்து மணி எப்படியும் ஆகத்தானே போகிறது?

கமா விதி எளிது: இஃப் பகுதி முன்னால் வந்தால் நடுவில் கமா, பின்னால் வந்தால் வேண்டாம். "இஃப் ஐ வேர் யூ" என்பதில் 'வேர்' போடுங்கள். பேச்சில் 'வாஸ்' புழங்கினாலும் பரீட்சையில் 'வேர்'தான் பாதுகாப்பு. "இஃப் யூ வில் வெயிட் ஹியர்" என்று மரியாதைக்காக 'வில்' வருவதும் ஆங்கிலத்தில் உண்டு. அதை இப்போதே சொல்லிக் குழப்ப வேண்டாம், எல்லா வாக்கியத்திலும் 'வில்' போட்டுவிட்டு அதையே சாக்காகக் காட்டுவார்கள்.